கற்றாழை வாடினால் தண்ணீர் ஊற்றும் முன் வேரைப் பாருங்கள்

கேள்வி: பால்கனியில் பிளாஸ்டிக் தொட்டியில் சோற்றுக்கற்றாழை வைத்திருக்கிறேன். நர்சரியில் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் மடல்கள் மெலிந்து சுருள்கின்றன, அடிமடல் பழுப்பாகித் தொங்குகிறது. தண்ணீரைக் கூட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம், இன்றே நிறுத்துங்கள். தண்ணீர் போதாத கற்றாழையும் வேர் அழுகிய கற்றாழையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் மடல் மெலியும். வேர் அழுகிவிட்டால் சுற்றிலும் ஈரம் இருந்தாலும் செடியால் உறிஞ்ச முடியாது. அதைத் தாகம் என்று நினைத்து நாம் இன்னும் ஊற்றுகிறோம். வீட்டில் கற்றாழை சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

மடல் தண்டோடு சேரும் அடிப்பகுதியை விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்து மண்ணும் உலர்ந்திருந்தால் அது தாகம்தான். ஒருமுறை நன்றாக ஊற்றினால் சில நாளில் மடல் நிமிரும். கொழகொழவென்று அமுங்கி, புளித்த வாடை வந்தால் அழுகல். தினமும் ஊற்றியதாகச் சொல்வதால் உங்கள் செடியில் அழுகலுக்கே வாய்ப்பு அதிகம்.

செடியைத் தொட்டியோடு சாய்த்து வெளியே எடுங்கள். வேரைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் பஞ்சுபோல ஒரு கட்டி இருக்கிறதா? அது தென்னை நார்க்கழிவு. எடை குறைவு என்பதால் பல நர்சரிகளில் அதில்தான் வளர்க்கிறார்கள். மேலே காய்ந்து தெரியும், நடுவில் நாள்கணக்கில் ஈரம் நிற்கும். அதை முழுதும் உதிர்த்துவிடுங்கள். கறுத்து, இழுத்தால் தோல் உரிந்து வரும் வேர்களை வெட்டுங்கள். தண்டும் அழுகியிருந்தால் வெள்ளையான, கெட்டியான பகுதி தெரியும் வரை சுத்தமான கத்தியால் சீவுங்கள். பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில் 3 முதல் 5 நாள் சும்மா கிடக்கட்டும். வெட்டுவாய் காய்ந்து தோல்போல மூடிக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டு அன்றே நட்டால் மறுபடி அழுகும். வேர் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றாலும், தண்டில் கொஞ்சம் இருந்தால் புதுவேர் விடும். தனி மடலை நட்டால் மட்டும் பிழைப்பது அரிது.

புதுத்தொட்டி மண்தொட்டியாக இருக்கட்டும். 8 முதல் 10 அங்குல வாய், அடியில் துளை கட்டாயம். வேர் ஆழமாகப் போகாது, பக்கவாட்டில்தான் பரவும். செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் அரைப்பங்கு கலந்து நிரப்புங்கள். நட்டதும் தண்ணீர் வேண்டாம்; ஒரு வாரம் கழித்து ஊற்றினால் போதும்.

அதன்பின் தேதி பார்த்து ஊற்றாதீர்கள், மண்ணைப் பாருங்கள். ஒரு குச்சியை இரண்டு அங்குலம் இறக்கி எடுத்தால் மண் ஒட்டாமல் வர வேண்டும். அப்போது அடித்துளையில் வடியும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். கோடையில் இது வாரம் ஒருமுறை வரலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் ஊற்றத் தேவையிருக்காது. தொட்டியைச் சாரல் படாமல் உள்ளே தள்ளி வையுங்கள். இது வறண்ட நிலத்துச் செடி. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும். அதனால் நீரிழப்பு மிகக் குறைவு.

காலை வெயில் நான்கு மணி நேரம் கிடைத்தால் நன்று. நிழலில் இருந்ததைத் திடீரென மொட்டைமாடி வெயிலில் வைத்தால் மடல் செம்பழுப்பாகும். அது நோயல்ல, பத்து நாளில் மெல்ல மெல்லப் பழக்குங்கள்.

செடி தேறி, நடுவில் புதுமடல் வரும்வரை மடல் பறிக்காதீர்கள். பறிக்கும்போது வெளிவரிசை மடலை அடியோடு எடுத்து, வெட்டுவாய் கீழே இருக்கும்படி கால்மணி நேரம் நிறுத்தி வையுங்கள். மஞ்சள் பால் வடியும். அது கடுமையாக வயிற்றுப்போக்கு உண்டாக்கும், சிலருக்குத் தோலும் அரிக்கும். அதைக் கழுவிய பிறகே சோற்றை எடுங்கள். கர்ப்பிணிகள் கற்றாழையை உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் தொட்டி எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மடலைக் கடித்தால் அவற்றுக்கும் வாந்தி, பேதி வரும்.