புவியியல் படிச்சா சம்பளம் காணுமோ?

தம்பி, ஏஎல்லில புவியியலுக்கு நல்ல ரிசல்ட், கம்பஸிலயும் அதையே செய்தா உழைப்புக் காணுமோ எண்டு கேட்டிருக்கிறீர். நெட்டில தேடினா அமெரிக்காவில புவியியலாளருக்கு வருசம் 90,000 டொலருக்கு மேல எண்டு வரும், அது சரிதான், ஆனா அங்க அந்தப் பேரில இருக்கிற வேலையே ரெண்டாயிரத்துக்கும் குறைவு, அதிலயும் கனக்க மத்திய அரசாங்கத்தில.

இங்க இலங்கையில படிச்சவை கூடுதலா டீச்சராவோ அபிவிருத்தி உத்தியோகத்தராவோதான் போகினம். 2025 பட்ஜெட்டில அரச வேலையின்ர ஆகக்குறைஞ்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவில இருந்து 40,000 ஆக்கினவை, அதுவும் கட்டம் கட்டமா, பட்டதாரிக்கு அதைவிடக் கொஞ்சம் கூட வரும். வீட்டில இருந்து போய் வந்தா சமாளிக்கலாம், கொழும்பில றூம் எடுத்து கடைச் சாப்பாடு எண்டா மாசக் கடைசியில கையில ஒண்டும் மிஞ்சாது.

அதால ஜிஐஎஸ்ஸை, அதாவது கம்ப்யூட்டரில மேப் செய்து இடத்தைப் பற்றின தரவுகளை ஆராயிற முறையை விடாதையும், அதுக்கான கியூஜிஐஎஸ் சொப்ட்வெயரைக் காசில்லாமலே டவுன்லோட் பண்ணலாம். எங்கட யாழ்ப்பாண மண்ணுக்குக் கீழ சுண்ணாம்புக்கல், கரையோரமா கிணத்துத் தண்ணி உவராகுது, எந்தக் கிணறு எவ்வளவு உவர் எண்டு அளந்து ஜிபிஎஸ் புள்ளியோட மேப்பாக்கிப் பாரும். அப்பிடி ரெண்டு மூண்டு மேப் கையில இருந்தா என்ஜிஓவிலயும் கேக்கலாம், வெளிநாட்டுக் கம்பனிக்கு ஒன்லைனிலயும் செய்யலாம்.