பழைய ஏடிஎம் கார்டில் ஓர் ஆல்கோ: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவிலிருந்து மாமா மகன் கொண்டுவந்த ஹெச்ஓ அளவு (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) மாடல் ரயில் இன்ஜின் ஒன்று என்னிடம் இருக்கிறது, ஜிபி40 என்ற அமெரிக்க டீசல். நன்றாக ஓடுகிறது. ஆனால் ரயில்வே ஊரான பொன்மலையில் வளர்ந்தவனுக்கு அந்த முகம் ஒட்டவில்லை. நம் டபிள்யூடிஎம்-2 டீசலாக, அதாவது 'ஆல்கோ'வாக, மாற்ற முடியுமா? நம் வண்டிக்கு ஆறு அச்சு, இதில் நான்குதானே இருக்கிறது? 3டி பிரிண்டர் எல்லாம் கிடையாது.
- ஒரு வாசகர், திருச்சி

முடியும். என் அலமாரியில் அப்படி ஒன்று நிற்கிறது. முப்பது வருடம் கைக்கடிகாரம் ரிப்பேர் பார்த்தவன் நான். பிரிண்டர் என்னிடமும் இல்லை. கண்ணில் மாட்டும் லென்ஸும் இடுக்கியும்தான் உண்டு.

முதலில் நீளத்தைப் பாருங்கள். நம் ஆல்கோ பஃபரிலிருந்து பஃபர் வரை (முனைகளில் மோதலைத் தாங்கும் வட்டத் தட்டுகள்) 17.12 மீட்டர். 87-ஆல் வகுத்தால் 197 மி.மீ. உங்கள் ஜிபி40 கிட்டத்தட்ட 207 வரும். பத்து மி.மீ. வித்தியாசம்தான், இரண்டு முனை மேடைகளிலும் பகிர்ந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. 'ஆறு அச்சு வேண்டும்' என்று எஸ்டி40-2 என்ற இன்னொரு அமெரிக்க மாடலை வாங்கினால் அது 241 மி.மீ. சேசிஸை நடுவில் அறுத்து, மோட்டார் தண்டையும் குட்டையாக்க வேண்டும். எனக்கே அதில் தைரியம் வரவில்லை. நீளம் சரியாக இருப்பதை எடுத்துக்கொண்டு, அச்சுக்குப் பொய் சொல்வோம்.

எப்படி? போகியில். (நம் ஊரில் போகி என்றால் பெட்டி, இங்கே நான் சொல்வது சக்கரக் கூட்டை.) ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்டிக் பக்கச் சட்டத்தின் மேல் மூன்று அச்சுக்கான புதுச் சட்டத்தை ஒட்டுங்கள். மூன்றாவது சக்கரம் வெறும் வட்டம். தண்டவாளத்துக்கு அரை மி.மீ. மேலே தொங்கினால் போதும். ஆல்கோவின் மூன்று அச்சுகளுக்கும் இடைவெளி சமமாக இருக்காது என்பதை மறக்காதீர்கள். பக்கவாட்டுப் படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெட்டுங்கள். சட்டத்தை உடம்போடு ஒட்டிவிடாதீர்கள், போகியோடுதான் திரும்ப வேண்டும்.

உடம்புக்குக் காலாவதியான ஏடிஎம் கார்டு. எழுத்து புடைத்திருக்காத கார்டாகப் பாருங்கள். தடிமன் 0.76 மி.மீ., நீளம் 85.6, அகலம் 54. நீள ஹூட்டின் (டீசல் மோட்டாரை மூடும் நீண்ட கூடு) ஒரு பக்கத்துக்கு ஒரு கார்டின் நீளம் போதாது. இரண்டை இணைக்க வேண்டும். அந்த இணைப்பு ஏதாவது ஒரு கதவின் விளிம்பில் வரும்படி அமைத்தால் கோடு மறைந்துவிடும். மற்ற கதவுக் கோடுகளைத் தையல் ஊசியால் கீறினால் போதும். மூலைகளுக்கு பிளம்பர் பயன்படுத்தும் பிவிசி சால்வென்ட் ஒரு சொட்டு, குச்சி முனையில்.

ரேடியேட்டர் வலைக்கு டீ வடிகட்டி. புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்; எங்கள் வீட்டில் இது பெரிய பிரச்சினையாகி ஓய்ந்தது. கைப்பிடிக் கம்பிக்கு அக்கூஸ்டிக் கிட்டாரின் இரண்டாவது தந்தி: 0.016 அங்குலம், அதாவது 0.4 மி.மீ. நிஜத்தில் 35 மி.மீ. குழாய் ஆகிறது. ஹாரனுக்கு ரீஃபில் முனை. பஃபர் தட்டுக்கு ஆபீஸ் பஞ்ச் துளைத்துத் தள்ளும் 6 மி.மீ. வட்டம், விசிட்டிங் கார்டில் இரண்டு வட்டம் எடுத்து ஒன்றின் மேல் ஒன்று ஒட்டுங்கள்.

அப்புறம் பெயின்ட். முதல் உடம்புக்கு, கதவுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டில் தின்னரைத் தாராளமாகக் கலந்து தடவினேன். காலையில் கூரை வெயிலில் காய்ந்த அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. மூன்று வார வேலை. இப்போது கார்டை 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்ப்ரே டப்பாவைத் தள்ளிப் பிடித்து மெல்லிய பூச்சாக நான்கு முறை அடிக்கிறேன். வண்ணம் ஷெட்டுக்கு ஷெட் மாறும், ஒரே ஷெட்டிலும் காலத்துக்குக் காலம் மாறும். பொன்மலை வண்டி ஒன்றின் படத்தை எடுத்துக்கொண்டு, அந்த ஒரு வண்டியை மட்டும் செய்யுங்கள்.

கடைசியாக, பெயின்டுக்கு முன்பே உடம்பை மாட்டி உங்கள் லைனில் இருக்கும் மிகக் குறுகிய வளைவில் ஓட்டிப் பாருங்கள். அங்கே படிக்கட்டுக்கும் போகிச் சட்டத்துக்கும் நடுவே ஒரு தபால் அட்டையாவது நுழைய வேண்டும். நுழையாவிட்டால் படிக்கட்டைத்தான் சீவ வேண்டும்.

ஹெட்லைட்டுக்கு எல்இடி வைத்தேன். ஒரு நொடி பளிச்சென்று எரிந்து செத்துவிட்டது. கேபின் கண்ணாடியும் வெள்ளையாகப் புகை படிந்தது போல் ஆகிவிட்டது. எல்இடி புகைதானா?
- ஒரு வாசகி, மதுரை

இல்லையம்மா, இரண்டும் வேறு வேறு குற்றம். எல்இடிக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைக்கவில்லை, சரியா? 12 வோல்ட்டில் வெள்ளை எல்இடி 3 வோல்ட் எடுத்தால் மீதி 9 வோல்ட். 1 கிலோ ஓம் வழியாக 9 மில்லி ஆம்பியர்தான் போகும். அது போதும். சாதாரண டிசி கன்ட்ரோலர் என்றால், முன் விளக்கையும் பின் விளக்கையும் அந்த ஒரே ரெசிஸ்டருக்குப் பின்னால் எதிரெதிராக இணைத்துவிடுங்கள். வண்டி போகும் பக்கத்து விளக்கு மட்டும் எரியும். தலைகீழ் வோல்ட்டேஜிலிருந்து ஒன்றை ஒன்று காப்பாற்றவும் செய்யும்.

கண்ணாடி வெளுத்தது உடனடி பசையின் ஆவியால். கேபினை மூடிவைத்து ஒட்டியிருப்பீர்கள். ஜன்னலுக்கு ஃபெவிகால்தான். காய நேரமாகும், ஆனால் தெளிவாகக் காயும்.

நம் அகலப்பாதை வண்டிகள் ஹெச்ஓ தண்டவாளத்தில் ஒல்லிக் காலில் நிற்பது போலத் தெரிகிறதே?
- ஒரு வாசகர், ஈரோடு

கண் சரியாகத்தான் சொல்கிறது. 1676-ஐ 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. ஆனால் ஹெச்ஓ தண்டவாளம் 1435 மி.மீ. பாதைக்காகச் செய்த 16.5 மி.மீ. மூன்று மி.மீ. குறை. சக்கரம், தண்டவாளம், தடம் மாற்றும் பாயின்ட் எல்லாவற்றையும் கையால் செய்யத் தயார் என்றால் திருத்தலாம். நான் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

ஊட்டி ரயில் நீராவி இன்ஜின்?
- அதே வாசகர்

மீட்டர்கேஜ் அளவு 11.5 மி.மீ. வரும், சுவிஸ் மீட்டர்கேஜ் மாடல்களின் 12 மி.மீ. தண்டவாளம் நன்றாகப் பொருந்தும். ஆனால் அந்த இன்ஜினில் பல்சக்கரத்துக்கென்றே தனி சிலிண்டர்கள் இருக்கின்றன. முதலில் ஒரு ஆல்கோ செய்துவிட்டு எழுதுங்கள்.