தரையில் கிடந்த தண்ணீர் பாட்டில்

கேள்வி: என் மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி ஒன்றரை வருடம் ஆகிறது. தனியாக எழுந்து நடக்க முடியாது. ஹாலில்தான் கட்டில் போட்டிருக்கிறோம். நான் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கிறேன். பார்சல் வரும்போதெல்லாம் எழுந்து போக முடியாது என்பதால் பகலில் வாசல் கதவைத் தாழ் போடாமல் சும்மா சாத்தி வைத்திருப்பேன். டெலிவரி ஆப்பிலும் ‘கதவு திறந்திருக்கும், உள்ளே வைத்துவிட்டுப் போகவும்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் குளித்துவிட்டு, தலையில் துண்டோடு நைட்டியில் ஹாலுக்கு வந்தால், டெலிவரி பையன் ஒருவன் மாமியாரின் கட்டில் பக்கத்தில் நிற்கிறான். உயிரே போய்விட்டது. கத்திவிட்டேன். கதவோரம் வைத்துவிட்டுப் போகாமல் இவ்வளவு தூரம் ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, ‘பாட்டி கூப்பிட்டாங்க, கீழே விழுந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தரச் சொன்னாங்க’ என்று ஏதோ சாக்குச் சொன்னான். மாமியாரும் ஆமாம் என்றார். அவர் யாரைப் பார்த்தாலும் பேச்சுக் கொடுப்பவர். என் கணவர் விஷயத்தைக் கேட்டுக் கொதித்துப்போய், அவனைச் சும்மா விடக்கூடாது என்கிறார். புகார் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா? ஒரு பெண்ணுக்குச் சொந்த வீட்டுக்குள்ளும் அந்தரங்கம் கிடையாதா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: புகாரை அனுப்பாதீர்கள், சகோதரி. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்தத் தண்ணீர் பாட்டிலைப் பற்றிப் பேச வேண்டும்.

கதவு, டெலிவரி, அந்நிய ஆள் என்று எனக்கு வரும் கடிதங்களுக்குக் கணக்கில்லை. பெரும்பாலும் படித்து முடிக்கும் முன்பே பதில் தெரிந்துவிடும். உங்கள் கடிதம் அப்படி இல்லை. துண்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், நைட்டியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், கத்தியதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நடுவில் ஒரே ஒரு வரியில் ஒரு பாட்டில் தரையில் கிடக்கிறது. அதை ‘ஏதோ சாக்கு’ என்று தள்ளிவிட்டுப் போய்விட்டீர்கள். அடுத்த வரியிலேயே உங்கள் மாமியார் ஆமாம் என்கிறார். அப்புறம் அது எப்படிச் சாக்கு ஆகும்?

அந்த பாட்டில் எப்போது விழுந்தது? நீங்கள் குளிக்கப் போன பிறகா? அதற்கு முன்னால் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டி அலுவலக மீட்டிங்கில் இருந்தபோதா? உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். கேட்கவே இல்லை என்பதுதான் எனக்குப் புரிகிறது.

வயதானவர்களுக்குத் தாகம் எடுப்பதே குறைந்துவிடும் என்பதை அவர்களைக் கவனித்துக்கொள்ளும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உடம்புக்குத் தண்ணீர் போதாமல் இருக்கும், ஆனால் நாக்கு கேட்காது. அதனால்தான் கேட்காவிட்டாலும் நேரத்துக்கு நேரம் நாமாகக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர், முன்பின் தெரியாத ஒரு பையனைக் கூப்பிட்டு, அந்த பாட்டிலை எடுத்துக் கொடுப்பா என்று கேட்கிறார் என்றால், வாய் எவ்வளவு வறண்டிருக்க வேண்டும்? கட்டிலிலிருந்து கையை நீட்டிப் பார்த்திருப்பார். எட்டியிருக்காது. உங்களைக் கூப்பிட்டுப் பார்த்திருப்பார். நீங்கள் வேலையாக இருக்கிறீர்கள் என்று அடங்கியிருப்பார். பிறகு கதவு திறந்திருக்கிறது.

நீங்கள் குளிக்கப் போனதைக் குற்றம் சொல்லவில்லை. வேலையும் பார்த்துக்கொண்டு, படுக்கையில் இருக்கும் ஒருவரையும் பார்த்துக்கொள்வது எவ்வளவு பாடு என்று அனுபவித்தவள் நான். ஆனால் நீங்கள் அறைக்குள் இருந்தாலும் குளியலறையில் இருந்தாலும் அவர் உங்களைக் கூப்பிட ஒரு வழி வேண்டும். ஒன்றரை வருடமாக அப்படி ஒரு வழி இல்லை. யார் வந்தாலும் பேச்சுக் கொடுக்கிறார் என்று ஒரு குறையைப் போல எழுதியிருக்கிறீர்களே, பகல் முழுவதும் அவர் வேறு யாரிடம் பேசுவார்?

இப்போது அந்தரங்கத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் அது உண்மையிலேயே கெட்டுத்தான் போயிருக்கிறது. ஆனால் கெட்டது போன வாரம் அல்ல. நீங்கள் தலையில் துண்டோடு நின்றதை ஒரு பையன் ஒரு நிமிடம் பார்த்தான். அதற்கே உங்களால் இத்தனை நாளாகத் தாங்க முடியவில்லை. உங்கள் மாமியாரைச் சாத்தியும் சாத்தாத ஒரு கதவுக்கு எதிரே படுக்க வைத்திருக்கிறீர்கள். அவருக்குத் துணி மாற்றுவது அங்கே. உடம்பு துடைப்பது அங்கே. பெட்பேன் வைப்பதும் அங்கேதான். பார்சல்காரர், தபால்காரர், மீட்டர் பார்க்க வருபவர், விலாசம் தவறி வருபவர் என்று யார் கதவைத் தள்ளினாலும் முதலில் கண்ணில் படுவது அவர். அவர் கத்தவில்லை என்பதால் அவருக்குக் கூச்சம் இல்லை என்று நினைத்துவிட்டீர்களா?

என் அம்மா கடைசிக் காலத்தில் ஒன்பது மாதம் படுக்கையில் இருந்தார். கட்டில் முன்னறையில். வாசல் மணி அடித்தால் போதும், அவர் கை தானாகப் போர்வையைத் தேடும். கழுத்துவரை இழுத்துக்கொண்டு, ஓரத்தை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். வந்தவர் போன பிறகும் விரல் உடனே விடாது. குளிருகிறது போல என்று நான் இன்னொரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்தியிருக்கிறேன், அதுவும் நல்ல வெயில் காலத்தில். எனக்கு விஷயம் உறைக்க இரண்டு மாதம் ஆனது. அன்றைக்கே கட்டிலைத் திருப்பிப் போட்டேன். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பிசைகிறது. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன்.

இன்னொன்று செய்யுங்கள். ஆப்பைத் திறந்து பழைய ஆர்டர்களைப் பாருங்கள். ஆளிடம் கொடுக்காமல் வைத்துவிட்டுப் போகும் பார்சலை, வைத்த இடத்தோடு படம் எடுத்து ஏற்றச் சொல்வது பல நிறுவனங்களில் வழக்கம். உள்ளே வைக்கச் சொன்னது நீங்கள், ஆகவே படமும் உள்ளேதான் எடுக்கப்பட்டிருக்கும். பெரிதாக்கிப் பாருங்கள். பெட்டிக்குப் பின்னால் கட்டில் கால் தெரிகிறதா? போர்வை விலகிய ஒரு பாதம் தெரிகிறதா? அந்தப் படம் உங்கள் போனில் மட்டும் இல்லை, நிறுவனத்தின் கணினியிலும் இருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் அதை நீக்கச் சொல்லி எழுதுங்கள். புகார் எழுத வேண்டும் என்று கை துறுதுறுத்தால், எழுத வேண்டிய கடிதம் அதுதான்.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. 1948-ல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 12-வது பிரிவு, ஒருவரின் அந்தரங்கத்திலும் குடும்பத்திலும் இல்லத்திலும் யாரும் தன்னிச்சையாகத் தலையிடக்கூடாது என்கிறது. வீட்டுக்குள் நாம் நாமாக இருக்கலாம் என்பது அவ்வளவு பெரிய உரிமை. அந்தப் பிரிவில் வரும் ‘ஒருவர்’ என்பதில் கட்டிலில் படுத்திருப்பவரும் சேர்த்தி. அது அவருடைய வீடும்கூட.

கதவைப் பற்றியும் ஒரு பழைய விஷயம் இருக்கிறது. ஒருவனுடைய வீடு அவனுக்குக் கோட்டை என்று 1604-ல் இங்கிலாந்து நீதிமன்றம் செமெய்ன் வழக்கில் சொன்னது. அரசாங்கக் காரியமாக வரும் அதிகாரிகூட, வந்த காரணத்தைச் சொல்லி, கதவைத் திறக்கும்படி கேட்ட பிறகுதான் உடைத்து நுழையலாம் என்றது. அதே தீர்ப்பில், கதவு திறந்திருந்தால் அவர் உள்ளே போகலாம் என்றும் இருக்கிறது. நானூறு வருடமாகத் தாழ்ப்பாளுக்கு அவ்வளவு அர்த்தம் இருக்கிறது. நீங்கள் தாழையும் எடுத்துவிட்டு, உள்ளே வரலாம் என்று எழுத்திலும் கொடுத்திருக்கிறீர்கள். அந்த வரியை ஒரு நாள் அவசரத்துக்கு எழுதியிருப்பீர்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் உங்கள் பார்சலை எடுத்துக்கொண்டு வருகிற புது ஆளுக்கெல்லாம் அது போய்க்கொண்டே இருக்கிறது. இந்த வீட்டில் பகலில் கதவு பூட்டியிருக்காது என்று இத்தனை பேருக்கு நீங்களே சொல்லி வைத்திருக்கிறீர்கள். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் நல்லவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். எழுந்திருக்கவே முடியாத ஒருவரை மீதி ஒருவன் முன்னால் படுக்க வைக்க எப்படி மனம் வந்தது?

அந்தப் பையனிடம் வருவோம். வாசலில் நின்று மணி அடித்து, பதில் வராவிட்டால் திரும்பிப் போக வேண்டும், அழைக்காமல் காலை எடுத்து வைக்கக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. அழைக்காமல் நுழைந்தவன், உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றவன், பார்சலுக்காகக் கொடுத்த நம்பருக்குப் பின்னால் மெசேஜ் அனுப்பியவன் என்று எழுதிய பெண்களிடமெல்லாம் அன்றே புகார் கொடுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். இவன் அப்படிச் செய்யவில்லை. உள்ளே வைக்கச் சொல்லி நீங்கள் எழுதியிருந்தீர்கள். கட்டில்வரை வரச் சொல்லி அந்த வீட்டில் மூத்தவர் கூப்பிட்டார். போனான், எடுத்துக் கொடுத்தான். அடுத்த டெலிவரிக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கும், தாமதமானால் அவனுக்குத்தான் கேள்வி வரும். காதில் விழாததுபோல் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தால் உங்களிடம் திட்டும் வாங்கியிருக்க மாட்டான்.

நீங்கள் புகார் அனுப்பினால் என்ன ஆகும் தெரியுமா? ‘வீட்டுக்குள் நுழைந்தார், பெண் தனியாக இருந்தார்’ என்று ஒரு வரி போனாலே போதும், ஐடியை பிளாக் செய்துவிடுவார்கள். அவன் பக்கத்தை யாராவது கேட்பார்களா என்பது அவன் அதிர்ஷ்டம். உங்கள் வீட்டுப் பெரியவருக்குத் தண்ணீர் கொடுத்த கைக்கு நீங்கள் தரும் கூலி இதுவா? எழுதி வைத்ததை அழித்துவிடுங்கள். அவன் மறுபடியும் உங்கள் வீட்டுக்கு வந்தால், அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள்.

உங்கள் கணவர் இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறார், அதுவும் கோபப்படுவதற்கு. படுத்திருப்பது அவரைப் பெற்றவள். பாட்டில் விழுந்தது அவருடைய அம்மாவின் கையிலிருந்து. அந்நியன் ஒருவன் நுழைந்துவிட்டான் என்று கொதிக்கத் தெரிந்தவருக்கு, அம்மா தாகத்தோடு கிடந்திருக்கிறாள் என்பது உறைக்கவில்லையா? மகனுடைய கடமையை மருமகளின் தலையில் வைத்துவிட்டு, கோபத்தை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்காத பழக்கம். நீங்களும் இதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. காலையில் கிளம்புமுன் அம்மாவுக்கு உடம்பு துடைத்து, துணி மாற்றி, கைக்கெட்டும் இடத்தில் தண்ணீர் வைத்துவிட்டுப் போகட்டும். தன் அம்மாவைத் தொட மகனுக்கு என்ன தயக்கம்? கூச்சமாக இருந்தால் அம்மாவிடமே கேட்டு, அவர் சம்மதிப்பதை மட்டும் செய்யட்டும். மாலையில் ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்காரட்டும், போனை வேறு அறையில் வைத்துவிட்டு.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. ஆப்பில் இருக்கும் அந்த வரியை இன்றே நீக்கிவிட்டு, மணி அடித்துக் காத்திருக்கவும் என்று எழுதுங்கள். நீங்கள் எழுந்து வர முடியாத நேரத்தில் பார்சல் வந்தால் கதவுக்கு வெளியே இருக்கட்டும், இல்லை அடுத்த நாள் வரட்டும். ஒரு பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தால் குடி முழுகாது. சாத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் லாட்ச் பூட்டு போடுங்கள். உள்ளேயிருந்து சாவி இல்லாமல் திறக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், தீ கீ என்று ஏதாவது ஆனால் உள்ளே இருப்பவர்கள் சாவியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. இன்னொரு சாவி நம்பிக்கையான அக்கம்பக்கத்து வீட்டில் இருக்கட்டும். ஒன்று மட்டும் வேண்டாம்: இதைப் படித்துவிட்டு, அவரைத் தனியே விட்டு வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். எழுந்து வர முடியாதவரை அப்படி விட்டுப் போவது திறந்து போடுவதைவிட மோசம்.

பேட்டரியில் ஓடும் காலிங் பெல் கிடைக்கிறது, சுவரில் பதிக்க வேண்டியதில்லை. அதன் பொத்தானை அவர் தலைமாட்டில் கட்டுங்கள், மணியை உங்கள் மேஜையில் வையுங்கள். குளிக்கப் போனால் கையோடு எடுத்துப் போங்கள். மீட்டிங்கில் யார் இருந்தாலும், அது அடித்தால் எழுந்து போங்கள். பாட்டிலை ஒரு பையில் போட்டுக் கட்டில் சட்டத்தில் தொங்கவிட்டால் விழாது. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு திரை போடுங்கள்.

கட்டிலை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள். வாசலைப் பார்த்தபடி படுத்திருப்பது அவருக்குப் பிடித்திருக்கவும் கூடும், ஆள் முகம் தெரிகிற ஒரே இடம் அதுவாக இருக்கலாம். அவரிடமே கேளுங்கள். கேட்கும்போது கட்டிலில் உட்காருங்கள், நின்றுகொண்டு கேட்காதீர்கள். கூடவே, அன்றைக்கு பாட்டில் விழுந்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தது அத்தை என்றும் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுத வேண்டாம். சாயங்காலம் உங்கள் கணவர் வந்ததும் அவரிடம் சொல்லுங்கள்.