பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார் வேலி ஒப்பந்தக்காரர்: கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் மனையின் சுற்றளவு 100 மீட்டர். பழைய கம்பிவேலி ஆங்காங்கே சாய்ந்து, வலையும் துருப்பிடித்துவிட்டது. மூன்று பேரிடம் மதிப்பீடு வாங்கியிருக்கிறேன். உள்ளூர்க்காரர் ஒருவர் மற்ற இருவரைவிட மூன்றில் ஒரு பங்கு குறைத்துச் சொல்கிறார். ஆனால் பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார். கையில் பணம் இல்லையென்றால் 10 சதவீத ஃபிளாட் வட்டியில் 3 ஆண்டுத் தவணைக்கும் ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். பழுதுபார்த்தால் போதுமா, புதிதாகவே போடுவதா? வைப்புநிதியை உடைக்கலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய மூன்று மதிப்பீடுகளையும் படித்தேன். முதல் இரண்டிலும் கம்பங்களுக்கு இடையே 2.5 மீட்டர், குழி ஆழம் 60 செ.மீ. என்று எழுதியிருக்கிறது. உள்ளூர்க்காரர் கொடுத்திருப்பது ஒரே வரி: "ஜிஐ வேலி, கம்பம், கேட் உட்பட மொத்தம்." (ஜிஐ என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு.) இதை விலை குறைவு என்று இப்போதே முடிவுகட்ட முடியாது. எதற்கான விலை என்பதே அதில் இல்லையே!

ஒரு சின்னக் கணக்கு. கேட் இடைவெளியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 2.5 மீட்டருக்கு ஒன்று வீதம் 100 மீட்டருக்கு 40 கம்பங்கள் வேண்டும். அதையே 3 மீட்டராக்கினால் 34 போதும். குழியின் அகலத்தை மாற்றாமல் ஆழத்தை மட்டும் 45 செ.மீ. ஆக்கினால், மொத்தத்தில் கான்கிரீட் 36 சதவீதம் குறைந்துவிடும். வேலை முடிந்த அன்று இரண்டு வேலிகளும் ஒன்றுபோலத்தான் தெரியும். அவர் அப்படித்தான் செய்வார் என்று நான் சொல்லவில்லை. செய்தாலும் கேட்பதற்கு உங்கள் கையில் எழுத்து எதுவும் இல்லை, அவ்வளவுதான். கம்ப இடைவெளி, குழி ஆழம், கம்பியின் கேஜ் மூன்றையும் எழுதி வாங்குங்கள். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதை நினைவில் வையுங்கள். 12 கேஜைவிட 14 கேஜ் மெல்லியது. எழுதிக் கொடுத்த பிறகும் அவர் விலை குறைவாகவே இருந்தால், தாராளமாக அவரிடமே கொடுக்கலாம்.

பாதி முன்பணம் வேண்டாம். அதற்காக அவரைச் சந்தேகப்படவும் வேண்டாம். சிறிய ஒப்பந்தக்காரர்களிடம் பொருள் வாங்கக் கைமுதல் இருக்காது; தினக்கூலியை அன்றன்றே கொடுத்தாக வேண்டும். சிக்கல் என்னவென்றால், உங்கள் முன்பணம் சில சமயம் அவருடைய முந்தைய வேலையின் கடனை அடைக்கப் போய்விடும். அப்புறம் உங்கள் வேலைக்கான பொருள், அடுத்த வாடிக்கையாளரின் முன்பணத்துக்காகக் காத்திருக்கும்.

இதற்கு வழி, பொருளையும் கூலியையும் பிரிப்பது. தேவையான அளவுகளை அவரிடமே எழுதி வாங்கி, கம்பம், வலை, சிமென்ட் ஆகியவற்றுக்கான பணத்தைக் கடையில் நீங்களே செலுத்துங்கள். ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும். கூலிக்கு மட்டும் 10 முதல் 15 சதவீதம் முன்பணம் கொடுத்தால் போதும். மீதியைத் தேதி பார்த்துக் கொடுக்காமல், வேலையின் நிலை பார்த்துக் கொடுங்கள். குழி தோண்டியதும், கான்கிரீட் போடுவதற்கு முன், டேப்பைக் கையில் எடுத்து நாலைந்து குழிகளையாவது அளந்துவிட்டு முதல் தவணை. கம்பங்கள் நிமிர்ந்து நின்றதும் இரண்டாவது. வலையை இழுத்துக் கட்டியதும் மூன்றாவது. கடைசி 15 சதவீதத்தை ஒரு மாதம் நிறுத்தி வைக்கலாம். இதை முதலிலேயே சொல்லி ஒப்புதல் வாங்கிவிட வேண்டும், வேலை முடிந்த பிறகு சொன்னால் அது வம்பு. நீங்களும் சொன்ன நிலை வந்த அன்றே பணத்தைக் கொடுத்துவிடுங்கள். இழுத்தடித்தால் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள்.

இரண்டாவது தவணைக்கும் மூன்றாவதற்கும் நடுவே ஒரு வாரமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். கான்கிரீட்டின் வலுவை 28 நாள் கணக்கில்தான் அளப்பார்கள். ஏழாம் நாளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வலு வந்திருக்கும். மறுநாளே வலையை இழுத்துக் கட்டினால் மூலைக் கம்பங்கள் உள்பக்கம் சாயும். பழைய வேலி சாய்ந்ததற்கும் இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

பழுதா, புதிதா என்பதைக் கம்பங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொன்றையும் அசைத்துப் பாருங்கள். இரும்புக் கம்பமென்றால் தரைமட்டத்தில் மண்ணை ஒதுக்கிச் சுரண்டிப் பாருங்கள். ஈரமும் காற்றும் சேருகிற அந்த இடத்தில்தான் அரிப்பு அதிகம். நான்கில் ஒன்றுக்கும் குறைவாகவே கெட்டிருந்தால், அவற்றை மட்டும் மாற்றிப் புது வலை போடுவது லாபம். கணக்கு எளிது. புது வேலியின் செலவு 100, ஆயுள் 20 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 5. பழுதுக்கு 35 செலவழித்து 8 ஆண்டு ஓடினால் ஆண்டுக்கு நாலரைக்கும் குறைவு. 5 ஆண்டுதான் ஓடுமென்றால் ஆண்டுக்கு 7; அப்போது புதிதே மேல்.

எதைச் செய்தாலும் முதலில் எல்லையை அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கத்து மனையில் ஓரடி தள்ளி நின்றுவிட்டால், பிடுங்கி நடும் செலவு முழுவதும் உங்கள் தலையில்தான். தோண்டும்போது குழாயோ மின்கம்பியோ சேதமானால் யார் பொறுப்பு என்பதும் தாளில் இருக்கட்டும்.

இனி பணம். அந்தத் தவணைத் திட்டத்தை விட்டுவிடுங்கள். ஃபிளாட் வட்டியில், அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி முழு அசலுக்கே கணக்கிடப்படும். 3 ஆண்டுக்கு 10 சதவீத ஃபிளாட் என்பது, குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 18 சதவீதம். வைப்புநிதியை முன்கூட்டியே உடைத்தால் வட்டியில் கொஞ்சம் வெட்டு விழும். பெரும்பாலும் இந்த 18 சதவீதத்தோடு ஒப்பிட அது சிறியதாகவே இருக்கும். உடைத்தால் கைக்கு எவ்வளவு வரும் என்று வங்கியில் கேட்டு, தவணையில் மொத்தம் கட்ட வேண்டிய தொகையோடு வைத்துப் பாருங்கள்.

ஆனால் அவசரத்துக்கென்று உங்களிடம் இருப்பது அந்த வைப்புநிதி மட்டும்தான் என்றால் அதைத் தொடாதீர்கள். சாலைப் பக்கத்தையும் மிகவும் சாய்ந்த பகுதியையும் இப்போது போட்டுவிட்டு, மற்றதை ஆறு மாதம் கழித்துப் போடலாம். அப்படிச் செய்தால், இரண்டாம் பகுதிக்கும் இதே கூலிதான் என்று இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.