கப்பலை ஓட்டும் பெரிய மோட்டார்களில் இன்னும் தைரிஸ்டர் ஏன்?

ஐஜிபிடி என்ற புதிய வகை மின்னணு ஸ்விட்ச் வந்து இத்தனை வருஷமாகியும் பெரிய கப்பல்களின் உந்து மோட்டார் டிரைவில் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியில்) தைரிஸ்டர் என்ற பழைய வகை ஸ்விட்ச் ஏன் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் காரணம் பவர். குவீன் மேரி 2 பயணிகள் கப்பலில் நான்கு மோட்டார்கள், ஒவ்வொன்றும் 21.5 மெகாவாட். அந்த அளவு சுமையைத் தாங்குவதில் தைரிஸ்டர் நீண்ட நாள் பழகிய, உறுதியான சாதனம்.

தைரிஸ்டரை கேட்டில் (அதன் கட்டுப்பாட்டு முனையில்) ஒரு பல்ஸ் கொடுத்து ஆன் செய்யலாம், ஆனால் கேட்டை வைத்து அணைக்க முடியாது, அதன் வழியே போகும் கரண்ட் பூஜ்யத்துக்கு இறங்கினால்தான் அணையும். சிங்க்ரனஸ் மோட்டார் சுழலும்போது அதுவே உண்டாக்கும் எதிர் வோல்டேஜ் இந்த வேலையைச் செய்துவிடுகிறது, இதுதான் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். சிக்கல் மெதுவாகப் போகும்போதுதான். சுமார் 10 சதவீத வேகத்துக்குக் கீழே அந்த வோல்டேஜ் போதாது, அதனால் சப்ளை பக்கத்து பிரிட்ஜ் (மின்சாரம் உள்ளே வரும் பக்கத்துத் தைரிஸ்டர் தொகுதி) கரண்ட்டை ஒவ்வொரு முறையும் பூஜ்யமாக்கி, அடுத்த தைரிஸ்டர் ஜோடிக்கு மாற்ற வேண்டும். அதனால் டார்க், அதாவது சுழற்றும் விசை, விட்டுவிட்டு வரும்.

ஐஜிபிடிக்கு இந்தத் தொல்லை இல்லை, கேட் சிக்னலிலேயே அணையும். பிரிட்டனின் டைப் 45 போர்க்கப்பல்களில் 20 மெகாவாட் இண்டக்‌ஷன் மோட்டார்களை ஐஜிபிடிதான் ஓட்டுகிறது.

அப்புறம் ஹார்மோனிக்ஸ், அதாவது மின்சாரத்தின் சீரான அலையில் கலந்துவிடும் தேவையற்ற அதிர்வெண்கள். தைரிஸ்டர் டிரைவ் கப்பலின் மின்சாரத்தைக் கெடுக்கும் என்பதால் அவற்றை வடிகட்ட பெரிய ஃபில்டர் வேண்டும். அதை யாரும் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது: 2010 செப்டம்பரில், பார்சிலோனாவை நெருங்கும்போது, குவீன் மேரி 2-இன் ஃபில்டர் அறையில் ஒரு கெபாசிட்டர் வெடித்து, கப்பல் முழுக்க மின்சாரம் போய், உந்துவிசையே நின்றது.