ஒரு நாளுக்குக் கூப்பிடாதீர்கள், ஒரு பயிர்ப் போகத்துக்குக் கூப்பிடுங்கள்

சென்னையில் வளர்ந்த கல்லூரி வயதுப் பிள்ளைகளை இயற்கை விவசாயத்திலும் நிலத்தைக் காப்பதிலும் எப்படி ஈடுபட வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று வருடமாக இதைச் செய்து பார்க்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் வருடம் எங்கள் வேளச்சேரிப் பிள்ளைகள் 20 பேரை மதுராந்தகம் பக்கம் மாமா நிலத்துக்கு நாற்று நடக் கூட்டிப்போனேன். நட்டார்கள், சேற்றோடு படம் எடுத்துக்கொண்டார்கள், அப்புறம் ஒருவரும் வரவில்லை. தப்பு என்னுடையதுதான், நட்ட பயிர் என்ன ஆனது என்று அவர்களுக்கு நான் காட்டவே இல்லை. அடுத்த வருடம் கேட்டபோது, "போட்டோ எடுத்துட்டுப் போற பசங்கன்னா வேணாம்மா" என்று மாமா கறாராகச் சொல்லிவிட்டார். மன்றாடி 20 சென்ட் வாங்கி, எட்டுப் பேரோடு ஆடியில் தொடங்கினோம்.

மண்ணுக்கு உரமாகிற தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் செடியை விதைத்து, 45 நாளில் பூக்கிற சமயம் மடக்கி உழுதோம். "இவ்ளோ பச்சையா வளர்ந்ததை ஏன் அழிக்கணும்?" என்று பி.காம். படிக்கிற பெண் ஒருத்தி வருத்தப்பட்டாள். மாமா ஒரு செடியைப் பிடுங்கி வேரில் இருந்த முடிச்சை நகத்தால் கிள்ளிக் காட்டினார், உள்ளே இளஞ்சிவப்பு. காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிற பாக்டீரியா அங்கேதான் குடியிருக்கிறது. அந்த முடிச்சைக் கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்கு எடுத்துப் போனாள், அந்தப் போகம் முடிகிற வரை ஒரு தடவைகூட அவள் வராமல் இருந்ததில்லை.

புரட்டாசியில் 14 நாள் நாற்றாக எடுத்து, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒற்றை நாற்றாகத் தூயமல்லி என்ற பாரம்பரிய நெல்லை நட்டோம். களையெடுப்பில்தான் எல்லாரும் ஓடிவிடுவார்கள் என்று பயந்தேன், ஆனால் கோனோவீடர் என்கிற களையெடுக்கும் கருவியை உருட்டப் பசங்களுக்குள் போட்டியே வந்துவிட்டது. பத்து நாளுக்கு ஒருமுறை தாம்பரத்தில் ரயிலேறிப் போவோம். தையில் அறுத்தபோது ஐந்து பேர் இருந்தார்கள், நெல்லைச் சமமாகப் பங்கு போட்டோம். பங்கு கட்டாயம் கொடுங்கள். சேவை என்று சொல்லிக் கூப்பிட்டால் எத்தனை நாள் வருவார்கள்?

நிலப் பாதுகாப்பை அவரவர் தெருவில் இருந்து தொடங்குங்கள். 2015 டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, அந்தப் பிள்ளைகளுக்கும் அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மழைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாகக் கடலுக்குப் போகிற பாதையை நடந்தே காட்டினேன். பல ஆயிரம் ஹெக்டேராக இருந்த இடம் கட்டடமும் குப்பையுமாகச் சுருங்கி, மிச்சத்தில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022இல்தான் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது என்றதும் ஒரு பையன் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அந்தப் புரட்டாசியில் ஏரிக்கரையில் பனங்கொட்டை ஊன்ற முதலில் வந்து நின்றவன் அவன்தான்.

விவசாயத்தில் முழுநேரமாக இறங்க நினைப்பவர்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை, நிலம்தான் இல்லை. குத்தகையை வருடா வருடம் மாற்றினால் யார் மண்ணுக்குச் செலவு செய்வார்கள்? இயற்கைச் சான்றிதழுக்கே பருவப் பயிர்களுக்குக் ரசாயனம் போடாமல் குறைந்தது 2 ஆண்டு மாற்றக் காலம் கேட்கிறார்கள். ஊரில் சும்மா கிடக்கிற நிலம் உள்ளவர்கள், தயவுசெய்து ஐந்து வருடத்துக்காவது எழுதிக் கொடுங்கள். மாமா இந்த ஆடியில் 50 சென்ட்டை அப்படித்தான் அந்த ஐந்து பேர் பெயரில் எழுதிக் கொடுத்தார்.