சராசரி சொல்லும் பொய்

அன்புள்ள ஐயா,

பிளஸ் ஒன் படிக்கிறேன். ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினைகளைச் சேர்க்கை, சிதைவு, இடப்பெயர்ச்சி, விகிதச்சிதைவு என்று பிரிக்கச் சொல்கிறார்கள். சமன்பாட்டைப் பார்த்தவுடன் வகையைச் சொல்ல ஷார்ட்கட் உண்டா? சமன் செய்ய எந்த முறை நல்லது? அம்மோனியம் நைட்ரேட்டைச் சூடாக்கினால் நைட்ரஸ் ஆக்சைடும் நீரும் வருகின்றன. எக்ஸ் வைத்துக் கணக்கிட்டால் நைட்ரஜனின் ஆக்சிஜனேற்ற எண் இருபக்கமும் +1 தான் கிடைக்கிறது. விடைக்குறிப்பில் ஆக்சிஜனேற்ற ஒடுக்கம் என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

அச்சுப்பிழை இல்லையம்மா. உன் கூட்டல் கழித்தலிலும் பிழை இல்லை. ஆனால் நீ கண்டுபிடித்த +1 அந்த உப்பில் எந்த நைட்ரஜனுக்கும் சொந்தமில்லை. இரண்டு நைட்ரஜனையும் ஒரே எக்ஸ் என்று வைத்தாயே, அங்கேதான் சறுக்கல்.

முதலில் அயனிகளாகப் பிரி. அம்மோனியத்தில் ஹைட்ரஜன் நான்கும் சேர்ந்து +4, அயனியின் மின்சுமை +1. ஆக, நைட்ரஜன் −3. நைட்ரேட்டில் ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து −6, மின்சுமை −1. ஆக, நைட்ரஜன் +5. இவற்றின் சராசரிதான் உன் +1. சூடாக்கும்போது −3 நான்கு எலக்ட்ரான்களை இழக்கிறது, +5 அதே நான்கைப் பெறுகிறது. (நைட்ரஸ் ஆக்சைடின் +1 கூடச் சராசரிதான்: நடு நைட்ரஜன் +2, ஓரத்து நைட்ரஜன் 0. எப்படிப் பார்த்தாலும் −3 இல்லை, +5 இல்லை.) எலக்ட்ரானைப் பெறும் ஆக்சிஜனேற்றியும் அதைத் தரும் ஒடுக்கியும் ஒரே படிகத்துக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் பொருள் அது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்த கிடங்கில் சுமார் 2,750 டன் இருந்தது. எதுவுமே மாறவில்லை என்று அதைப் பார்த்து எழுதுவாயா?

அம்மோனியம் நைட்ரைட்டிலும் இதே கண்ணிதான். −3, +3, சராசரி 0. விளைபொருள் நைட்ரஜன் வாயு, அதுவும் 0. எக்ஸ் போட்டவர்கள் மறுபடி விழுவார்கள்.

சராசரி, நடந்ததை மறைப்பதோடு நிற்பதில்லை, நடக்காததையும் காட்டும். ரெட் லெட்டை எடுத்துக்கொள் (கதவுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு வேறு, அது இரும்பு). மூன்று காரீயம், நான்கு ஆக்சிஜன். எக்ஸ் போட்டால் 8/3. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் போட்டால் பழுப்பு நிற லெட் டைஆக்சைடு அடியில் தங்கும், லெட் நைட்ரேட் கரைசலுக்குப் போகும். 8/3 இலிருந்து ஒன்று +4, மற்றவை +2. ஒரே தனிமத்தில் ஒரு பகுதி ஏறுகிறது, ஒரு பகுதி இறங்குகிறது என்று உடனே ‘விகிதச்சிதைவு’ என்று எழுதிவிடுவாய். தப்பு! உள்ளே தொடக்கத்திலிருந்தே இரண்டு காரீயம் +2, ஒன்று +4. அமிலம் +2 ஐக் கரைத்தது, +4 ஐ விட்டுவிட்டது. ஒரு எலக்ட்ரான்கூட நகரவில்லை.

அதே ரெட் லெட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்று. குளோரின் வாயு வரும். இப்போது அந்த ஒரே +4 காரீயம் +2 ஆக இறங்குகிறது. எட்டு குளோரைடில் இரண்டு மட்டும் −1 இலிருந்து 0 ஆகின்றன, மீதி ஆறு உப்பாகப் போய்ச் சேருகின்றன. நைட்ரிக் அமிலத்தில் ஏன் இது நடக்கவில்லை? அங்கே நைட்ரஜன் ஏற்கெனவே +5. அதற்கு மேல் ஏற இடமில்லை.

பின்னத்தில் எண் வந்தால், அல்லது ஒரே தனிமம் இரண்டு அயனிகளில் இருந்தால், பேனாவைக் கீழே வை. சேர்மத்தைப் பிரித்த பிறகு எடு.

சமன் செய்யும் முறையா? கைக்கு எது படிகிறதோ அது. ஷார்ட்கட் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. உன்னை இந்தக் குழியில் தள்ளியதே ‘எக்ஸ் போடு’ என்கிற ஷார்ட்கட்தான். நான்கு வகைகளும் தனித்தனி டப்பாக்கள் அல்ல. அம்மோனியம் நைட்ரேட் வினை சிதைவுதான். விகிதச்சிதைவுக்கு நேர் எதிராக, மேலும் கீழும் இருந்த இரண்டு நைட்ரஜன் நடுவில் வந்து சந்திக்கிற வினையும் அதுவே. தேர்வில் சிதைவு என்று எழுது, மதிப்பெண் வரும்.